குனியக் கூடாத பத்து நாள்

என் விடுதியில் ஏழு அறை. ஷிஷ்லி வட்டாரத்தின் பின்தெரு ஒன்றில், தையல் நூல் விற்கிறவனுக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் இருக்கிறது. தலையில் முடி நட்டுக்கொண்டு வருகிறவர்களை மட்டும்தான் தங்கவைப்பேன். பதினோரு வருஷமாக இதுதான் தொழில். என் தலையணைகள் எல்லாம் வாங்கிய அன்றைக்கு இருந்தபடியே இருக்கின்றன. அவற்றில் யாரும் தலை வைத்ததில்லை. முதல் பத்து நாள் எல்லோரும் கழுத்தில் வளையத் தலையணையை மாட்டிக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்துதான் தூங்க வேண்டும். அந்த நேரத்தில் கதவைத் திறந்து பார்த்தால், ஏழு அறையும் எங்கேயும் போகாத ஏழு பஸ் மாதிரி இருக்கும்.

தொடாதே, சொறியாதே, வெயிலில் நிற்காதே, குனியாதே. இதை ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வேன். அதிலும் ‘குனியாதே’யைத்தான் அதிகம் சொல்வேன். வருகிறவர்களின் ஷூ கயிற்றை நானே கட்டிவிடுகிறேன்.

சொன்னதைக் கேட்காதவர்களும் உண்டு. கொசோவோவிலிருந்து வந்த ஒருவர் இரண்டாம் நாள் தும்மினார். தும்மின வேகத்தில் பதினோரு முடி கிளம்பிப் போய் ஆறாம் நம்பர் அறையின் மேற்கூரையில் நட்டுக்கொண்டது. ஈரம் கண்ட கூரை, பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமைதோறும் ஏணி போட்டு வாரிவிடுகிறேன். அப்புறம் அந்த வீக்கம். மரத்துப்போக ஊசி போடுகிறார்களே, அந்தத் தண்ணீர் மூன்றாம் நாள் நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறங்கும், பிறகு கன்னம், தாடை, அதோடு காணாமல் போகும். ஒரு போலந்துக்காரருக்கு அது காணாமல் போகவில்லை. இறங்கிக்கொண்டே போய் முழங்காலில் நின்றுவிட்டது. என்னுடைய பேன்ட்டைப் போட்டுக்கொண்டுதான் விமானம் ஏறினார்.

இதையெல்லாம் நான் சிரிக்காமல் சொல்வேன். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்தால் நெற்றி இழுக்கும், வலிக்கும், உடனே நிறுத்திக்கொள்வார்கள். கெனானும் அப்படித்தான் சிரித்து நிறுத்தினான்.

அவன் வந்தது நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள் சாயங்காலம். அந்த வருஷம் பெருநாளோடு வார விடுமுறையும் சேர்ந்து ஒன்பது நாள் லீவு. அப்படி லீவு வந்தால் எங்கள் விடுதி நிறைந்துவிடும். ஆபீசில் யாருக்கும் தெரியாமல் நட்டுக்கொண்டு, பொருக்கெல்லாம் உதிர்ந்த பிறகு வேலைக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போடுவார்கள். பெருநாள் என்றால் வீட்டுக்குப் போக வேண்டும், பெரியவர்கள் கையைக் குனிந்து முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்பது கத்தி வைத்த பிறகுதான் ஞாபகம் வரும். எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யும் தப்பு இது. வெளிநாட்டுக்காரனுக்கு இந்தத் தொந்தரவு இல்லை.

ஆனால் கெனான் தெரியாமல் செய்தவன் இல்லை. கப்பல் துறையில் டிக்கெட் கிழிக்கிற உத்தியோகம், முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. போலு மலைக்கு அந்தப் பக்கம் சின்ன ஊர். அங்கே அவன் வீட்டுக்குப் பேரே மொட்டையர் வீடு. தாத்தா மொட்டை, அத்தா மொட்டை. தபால்காரர் கூட அத்தா பேரை மொட்டை ருஷ்து என்று சொல்லிக் கேட்டால்தான் கடிதம் கொடுப்பாராம். கெனானுக்கு இருபத்து மூன்று வயதில் முன்மண்டை விட்டுப்போனது. அன்றையிலிருந்து அவனுக்கு ஊரில் பேர் கிடையாது, மொட்டையன் மகன்தான். தம்பி தாவூதுக்கு மட்டும் எப்படியோ முடி நின்றது.

“ஒரே ஒரு தடவை மாமா. எங்க ஊர் டீக்கடைக்குள்ள நுழையுறப்போ எவனாவது ஒருத்தன், ‘வா கெனான்’னு சொல்லணும். அவ்வளவுதான்.”

“இதுக்கு இவ்வளவு ஊசியா? ஒரு கப் டீ வாங்கிக் கொடுத்தா நானே சொல்வேனே.”

“நீங்களும் மொட்டை. உங்களுக்கு ரோஷமே வரலியா?”

“எனக்குக் கிளினிக் வாசல்ல நிக்கத் தடை தம்பி. விளம்பரத்துக்குக் கேடாம். அதுல ஒரு ரோஷம் உண்டு.”

அத்தாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பெருநாளன்று மகன் கையை முத்தமிட்டதும், அவர் மகனின் உச்சந்தலையில் முத்தம் வைப்பாராம். “என் முத்திரை”ன்னு சொல்லித் தட்டிக்கொடுப்பாராம். அந்த இடத்தில்தான் இப்போது மூவாயிரத்து எண்ணூறு முடி நட்டிருந்தது.

பெருநாள் காலையில் ருஷ்து பெரியவர் போன் செய்தார். பின்மண்டையில் கட்டு இருந்ததால் காதில் வைக்க முடியாமல் ஸ்பீக்கரில் போட்டான் கெனான். நான் அவனுக்கு டீ கொண்டுவந்திருந்தேன்.

“கெனான், எங்கடா இருக்கே?”

“வேலைல அத்தா. பெருநாள்னாலும் கப்பல் ஓடணுமே.”

“ஒரு நாள் ஓடாட்டி கடல் வத்திடுமா?”

“இன்னிக்குத்தான் கூட்டமே அத்தா. நிக்க இடமில்ல.”

“கூட்டம்ங்கிறே, பள்ளிவாசல் மாதிரி அமைதியா இருக்கே.”

கெனான் என்னைப் பார்த்தான். கண்ணில் ஒரு கெஞ்சல். நான் டீயைக் கீழே வைத்தேன், இரண்டு கையையும் வாயில் குவித்தேன், கப்பல் சங்கு ஊதினேன். எனக்கு அது சின்ன வயதிலிருந்தே வரும். கரையில் நின்று நான் ஊதி, உஸ்குதார் போகிற இரண்டு கப்பல் வழி விலகிப் போயிருக்கிறது. அன்றைக்கு ஊதியது அதைவிட நன்றாக அமைந்தது. அடுத்த அறைக்காரர் துறைமுகம் இவ்வளவு பக்கமா என்று எட்டிப் பார்த்தார்.

“அந்தா, கப்பல் கூப்பிடுது. போ மகனே, ஜனங்களை நிக்க வைக்காதே” என்றார் பெரியவர். “கையை நீட்டித்தான் வச்சிருக்கேன். வர்றப்போ வா.”

போனை வைத்ததும் கெனான் கட்டைவிரலை உயர்த்தினான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. யாரும் கேட்காமலே இன்னொரு தடவை ஊதினேன்.

மறுநாள் மதியத்துக்கு மேல் தாவூத் போனில் கூப்பிட்டான். வந்தவர்களுக்கு மிட்டாய்த் தட்டை நீட்டிக்கொண்டே அத்தா நாற்காலியில் உட்கார்ந்தாராம். தட்டை வாங்கிக்கொண்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. நாளை மதியத் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்றான்.

கெனான் கட்டிலின் நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

“அழாதே தம்பி, நெற்றி இழுக்கும்” என்றேன். பழக்கதோஷம். இப்படிப்பட்ட வாயை வைத்துக்கொண்டு எழுபது வருஷம் உயிரோடு இருந்திருக்கிறேன்.

“இந்தத் தலையோட எப்படி மாமா போவேன்?”

அதற்கு ஒரு தமாஷ் என் நாக்கு நுனிவரை வந்தது. அதை மட்டும் விழுங்கினேன்.

விடியற்காலையில் என் பழைய காரில் கிளம்பினோம். அவனால் ஓட்ட முடியாது, வீக்கம் சொன்ன நாளில் சொன்ன இடத்துக்கு இறங்கியிருந்தது. கண் இரண்டும் வேகவைத்த இறைச்சித் துண்டு மாதிரி மூடிக்கொண்டு நடுவில் ஒரு கோடு மட்டும் தெரிந்தது. பின் சீட்டில் கழுத்துத் தலையணையோடு சாய்ந்திருந்தான். மூன்றாம் நாள், தலையை முதல் தடவை கழுவ வேண்டிய நாள் அது. பெருநாளுக்குக் கிளினிக் பூட்டியிருந்ததால் அந்த வேலை என்னுடையது. லோஷன் பாட்டிலையும் நுரை ஷாம்பூவையும் முன்சீட்டில் வைத்திருந்தேன். கிளினிக் கொடுத்த தொளதொள தொப்பி ஒன்றைத்தான் போட்டுக்கொள்ளலாம். அதன் முன்பக்கம் கிளினிக் பேர் தங்க எழுத்தில் இருக்கும். உள்ளும் புறமுமாகத் திருப்பிப் போட்டுவிட்டேன்.

“படியில விழுந்துட்டேன்னு சொல்லவா?”

“என்ன கேக்கிறாங்கன்னு முதல்ல பாரு.”

யாரும் எதுவும் கேட்கவில்லை. பள்ளிவாசல் முற்றத்தில் தூறல். கல்மேடையில் பச்சைத் துணி போர்த்திய பெட்டி. கெனான் காரிலிருந்து இறங்கியதும் கூட்டம் விலகி வழி விட்டது. சுவரோரம் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பாருடி, அழுது அழுது கண்ணே இல்லாமப் போச்சு.”

“தாவூதைப் பாரு, முகம் அப்படியே இருக்கு. பெரியவன்தான் மகன்.”

ஆண்கள் ஒவ்வொருவராக வந்து தோளைத் தொட்டார்கள். “கெனான்” என்றார்கள். “வா கெனான்.” “தைரியமா இரு கெனான்.” டீக்கடைக்காரரே வந்து சொன்னார். நான் எண்ணினேன், பதினேழு தடவை. அவன் என் பக்கம் திரும்பினான். அந்த முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை, வீக்கம் அப்படி.

ஜனாஸாத் தொழுகையில் குனிதல் கிடையாது, நின்றபடியே முடிந்துவிடும். எங்கள் தொழிலுக்குத் தோதான தொழுகை அது ஒன்றுதான். முடிந்ததும் இமாம் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார், இவரை எப்படிப்பட்டவராக அறிவீர்கள் என்று. நல்லவராக அறிவோம் என்றது கூட்டம். இவரிடம் உங்களுக்கு உள்ள உரிமைகளை விட்டுக்கொடுத்தீர்களா? விட்டுக்கொடுத்தோம். மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் கெனானின் குரல்தான் முதலில் வந்தது. இறந்தவர் தன் உரிமையை அவனுக்கு விட்டுக்கொடுத்தாரா என்று கேட்கிற வழக்கம் இல்லை.

கபுர்ஸ்தான் சரிவில் இருந்தது. செம்மண், தூறலில் குழைந்து கிடந்தது. எங்கள் பக்கத்தில் மகன்கள்தான் குழிக்குள் இறங்குவார்கள். தலைப்பக்கம் பெரியவன், கால்பக்கம் சின்னவன், உடம்பை வாங்கி வலப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும். தாவூத் முதலில் இறங்கிவிட்டான். இடுப்புக்கு மேல் ஆழம். நிமிர்ந்து கையை நீட்டினான்.

“அண்ணே, இறங்கு.”

கெனான் விளிம்பில் நின்றான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான்.

இப்போது ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். குனிந்தால் முடி போய்விடும் என்று நாங்கள் சொல்வது பயமுறுத்தத்தான். ஒரு தடவை குனிந்தால் ஒன்றும் ஆகாது. கொஞ்சம் ரத்தம் கசியலாம், அதிகம் போனால் இருபது முடி. மூவாயிரத்து எண்ணூறில் இருபது. இதைச் சொல்ல இரண்டு வார்த்தை போதும். ‘பரவாயில்லை, இறங்கு.’ என் வாயில் அந்த இரண்டு வார்த்தையும் இருந்தன. ஆனால் என் தலை அதற்குள் ஆடிவிட்டது, இடமும் வலமுமாக. ஒரு நாளைக்கு நாற்பது தடவை, பதினோரு வருஷம்.

“முடியாது” என்றான் கெனான்.

“முதுகா?” தாவூத் நீட்டிய கையை எடுக்கவில்லை.

“இல்ல.”

“பின்ன?”

“தலை.”

“தலையில என்ன?”

கெனான் தொப்பியைக் கழற்றினான். மழையில் கருஞ்சிவப்புப் பொருக்கு வரிசை வரிசையாகத் தெரிந்தது. பாத்தி கட்டி நட்டதுபோல, ஒரு வரிசை கூடக் கோணல் இல்லை. நல்ல கைவேலை. தொப்பியை அவன் கையில் மல்லாத்திப் பிடித்திருந்தான். தங்க எழுத்து குழியைப் பார்த்து இருந்தது. தாவூத் அதை மெதுவாக வாசித்தான், அந்தக் காலத்து வாத்தியார் முன்னால் வாசிக்கிற மாதிரி.

“எத்தனை நாள் ஆச்சு?”

“மூணு.”

தாவூத் மனசுக்குள் கூட்டிப் பார்த்தான். “அப்போ பெருநாள் காலைல…”

“ம்.”

“கப்பல் ஊதுச்சுன்னு அத்தா சொன்னாரே. நாள் பூரா சொன்னார். வர்றவங்ககிட்டேயெல்லாம், ‘பேசிட்டிருக்கும்போதே கப்பல் கூப்பிடுது, அவ்வளவு முக்கியமான ஆளு என் மகன்’னு.”

நான் என் ஷூவைப் பார்த்தேன். சேறு ஏறியிருந்தது. இமாம் தொண்டையைச் செருமினார். பெட்டியைச் சுமந்தவர்களுக்குக் கை கனத்திருக்கும், மாற்றிப் பிடித்தார்கள்.

அப்போது நான் இறங்கினேன். யாரும் கூப்பிடவில்லை. எழுபது வயதில் சேற்றில் சறுக்கித்தான் இறங்கினேன், பாதி இறங்கினது, பாதி விழுந்தது. தலைப்பக்கம் நின்று கையை நீட்டினேன். மேலிருந்து யாரோ என் தலையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“மொட்டையர் வீட்டுச் சொந்தமா?”

“ஆமா” என்றேன்.

அந்தப் பெரியவர் கனமே இல்லை. கபன் துணிக்கு மேலாக அவர் தலை என் உள்ளங்கையில் வழுவழுவென்று உருண்டையாக இருந்தது. வலப்பக்கம் சாய்த்தோம். பலகைகளைச் சரிவாக அடுக்கினோம். தாவூத் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வேலை முடிந்ததும் என்னைக் கைகொடுத்து ஏற்றிவிட்டான். மேலே வந்தபோது கெனானைச் சுற்றிப் பத்தடிக்கு ஆள் இல்லை.

அதோடு திரும்பியிருக்கலாம். ஆனால் மூன்றாம் நாள் கழுவாவிட்டால் பொருக்கு கெட்டியாகிவிடும். மருந்து மருந்துதானே. தாவூதிடம் கொஞ்சம் வெந்நீர் கேட்டேன். மறுப்பான் என்று நினைத்தேன்.

“வீட்டுக்கு வாங்க” என்றான். “தலை கழுவணும்ல.”

முற்றத்தில் அண்டா கவிழ்த்து வைத்திருந்தது. காலையில் அத்தாவைக் குளிப்பாட்ட வெந்நீர் போட்டது. வேலை முடிந்ததும் கவிழ்த்துவிடுவது வழக்கம். பலகை மேசை இன்னும் அங்கேயே ஈரத்தோடு நின்றது. கெனானை நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து லோஷன் தடவினேன். தேய்க்கக் கூடாது, ஒற்றி ஒற்றி வைக்க வேண்டும். பிறகு நாற்பது நிமிஷம் ஊற வேண்டும்.

அந்த நாற்பது நிமிஷத்தில்தான் ஊர் துக்கம் விசாரிக்க வந்தது. எங்களிடம் துக்கம் விசாரிக்க ஒரே ஒரு வாசகம்தான் உண்டு: உன் தலை நலமாக இருக்கட்டும். எல்லா வீட்டிலும், எல்லாச் சாவிலும் அதுதான். அவர்கள் வரிசையாக வந்தார்கள், வெள்ளை லோஷன் பூசிய தலையைப் பார்த்தார்கள், வேறு வாசகம் தெரியாததால் அதையே சொன்னார்கள். “தலை நல்லா இருக்கட்டும்.” ஒருவரும் சிரிக்கவில்லை. கேலியாகவும் சொல்லவில்லை. அவன் ஒவ்வொருவருக்கும் “அல்லாஹ் பொருந்திக்கொள்ளட்டும்” என்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தான். பேரை மட்டும் யாரும் சொல்லவில்லை.

நேரமானதும் தாவூத் வாளியோடு வந்தான், கையில் ஒரு செம்புக் குவளை.

“நீங்க பிடிங்க, நான் ஊத்துறேன். எவ்வளவு சூடு?”

“வெதுவெதுன்னு.”

“எவ்வளவு மெதுவா?”

“உயரத்திலிருந்து விடக் கூடாது. நோகாத மாதிரி.”

“காலைலயும் அப்படித்தான் ஊத்தினேன்” என்றான். ஒரு குவளை, இன்னொரு குவளை. லோஷன் கரைந்து, கூட கொஞ்சம் சிவப்பும் கரைந்து, முற்றத்துக் கல்லிடுக்கில் ஓடியது. காலைத் தண்ணீரும் அந்த வழியாகத்தான் போயிருக்கும். கெனானின் கண்ணிலிருந்து வந்தது எது, தலையிலிருந்து வழிந்தது எது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து கெனான் போன் செய்தான்.

“விழுது மாமா. நட்டதெல்லாம் விழுது. துண்டு பூரா முடி.”

குரலில் ஒரு நிம்மதி. பல வருஷத்தில் யாரும் என்னிடம் இவ்வளவு சந்தோஷமாக முடி விழுவதைச் சொன்னதில்லை.

“அத்தா எடுத்துக்கிறார்” என்றான். “எடுத்துக்கட்டும். எல்லாத்தையும் எடுத்துக்கட்டும்.”

இதற்கும் ஒரு தொழில் ரகசியம் உண்டு. எல்லோருக்கும் விழும். நட்டது மேலே உதிர்ந்துவிடும், வேர் உள்ளேயே தூங்கும், நாலாம் மாதம் திரும்பி வரும். அதைப் புறப்படும்போதே அச்சடித்த தாளில் கொடுத்துவிடுவோம். அவனிடமும் சொன்னேன். அவன் நம்பவில்லை. மருந்தை நிறுத்தினான், விட்டமினை நிறுத்தினான், வெயிலில் போய் நின்றான், இறுக்கமான கம்பளித் தொப்பி போட்டான். செய்யாதே என்று நாங்கள் சொல்கிற அத்தனையும் தேடித் தேடிச் செய்தான்.

நாலாம் மாதம் வந்தது. பதினோரு வருஷத்தில் ஆயிரக்கணக்கான தலை பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு விளைச்சல் பார்த்ததில்லை. மழை கண்ட புல் மாதிரி. மழித்தான், வந்தது. மறுபடி மழித்தான், இன்னும் கறுப்பாக வந்தது. இது என்னுடைய மற்றக் கதைகள் மாதிரி இல்லை. கிளினிக்காரர்கள் அவன் தலையைப் படம் எடுத்து வாசலில் மாட்ட அனுமதி கேட்டார்கள். அவன் பதில் சொல்லவில்லை, அவர்கள் மாட்டிவிட்டார்கள். போகும்போதும் வரும்போதும் நான் அதைத் தாண்டித்தான் போகிறேன்.

அடுத்த பெருநாளுக்கு ஊருக்குப் போனான். இரண்டாம் நாளே திரும்பி என் விடுதிக்கு வந்துவிட்டான். லீவு நீளம், அறை எதுவும் காலியில்லை. சமையல்கட்டில் உட்காரவைத்து டீ கொடுத்தேன்.

“டீக்கடைக்குப் போனியா?”

“போனேன்.”

“மொட்டையன் மகன்னு சொன்னாங்களா?”

“இல்ல மாமா. இந்தத் தலையைப் பார்த்து எவன் சொல்வான்?”

“பின்ன பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்களா?”

அவன் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தான். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது.

“கூப்பிடவே இல்ல” என்றான்.

மேலே மூன்றாம் நம்பர் அறையில் ஒருவர் ஸ்பீக்கரில் தன் அம்மாவிடம், வேலை விஷயமாக வெளியூரில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கெனான் என்னைப் பார்த்தான். நான் எழுந்துபோய்ச் சமையல்கட்டுக் கதவைச் சாத்தினேன்.